தறிக்குழியில் ஒரு விருந்தாளி!

ஆமைக்கு வியர்க்காது. சுற்றுப்புறச் சூடுதான் அதன் உடம்புச் சூடு. ஆரணி பக்கம் எங்கள் திருமலையில், சித்திரை வெயிலில் பாறைமேல் அப்பளம் பொரிக்கலாம். ஆமை என்ன செய்யும்? அடுத்த வீட்டு நெசவாளரின் தறிக்குழிக்குள் குளுமை தேடி இறங்கிவிட்டது! ஓட்டில் நட்சத்திரக் கோலம்.

அவர் பையன் ஐஸ் வாட்டரோடு ஓடிவந்தான். "டேய், வேணாம்டா!" என்றேன். சூடான உடம்பில் ஐஸ் பட்டால் அதிர்ச்சிதான். நிழலில் தட்டு வைத்து, தாடை மூழ்காத அளவு சாதாரணத் தண்ணீர் விட்டோம். கழுத்தை நீட்டி, மூக்கை முக்கி, சாவகாசமாகக் குடித்தது. (வாயில் நுரை தள்ளினால் சூடு தாங்கவில்லை என்று அர்த்தம்.) சும்மா சும்மா தூக்கக் கூடாது, பயந்தால் மூத்திரம் பெய்துவிடும். சிறுநீர்ப்பைதான் பாவம், அதன் தண்ணீர்த் தொட்டி!

"நாமளே வளர்க்கலாமா மாமா?"

"வளர்க்கலாம்... உங்கப்பா ஜெயிலுக்குப் போகத் தயாரா?"

விளையாட்டில்லை. வனவிலங்குச் சட்டத்தில் 2022-ல் வந்த திருத்தப்படி நட்சத்திர ஆமை முதல் அட்டவணையில் இருக்கிறது, புலிக்குச் சமம்! பிடித்து வைத்தால் 3 முதல் 7 வருஷம் வரை சிறை. 'அதிர்ஷ்டம்' என்று காசு கொடுத்து வாங்குகிறவர்களுக்கும் இதேதான். வனத்துறைக்குப் போன் போட்டோம். ஆள் வரும்வரை தட்டில் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொண்டது பையன்தான்.