துப்பாக்கி இல்லாத வாத்து வேட்டை

மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். தாம்பரத்திலும் சேலையூரிலும் மேடவாக்கத்திலும் குடியிருப்பவர்களுக்குப் பனி ஏது, பின்பனி ஏது? விடியற்காலையில் பால் வாங்கக் கதவைத் திறக்கும்போது சற்றுச் சில்லென்றிருக்கும். எட்டு மணிக்குள் அதுவும் ஓடிவிடும். ஆனால் இந்தப் பருவத்தை நம்பி ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்த விருந்தாளிகள் நம் வீட்டுக்குப் பக்கத்திலேயே தங்கியிருக்கிறார்கள். அவர்களை வேட்டையாடப் போகலாம், வருகிறீர்களா?

பயப்படாதீர்கள், சகோதரிகளே! இது கண்ணால் ஆடும் வேட்டை.

பானைக்குள் ஒரு தலை

துப்பாக்கி வாங்க வசதியில்லாதவர்கள் முன்பு நம் நாட்டு ஏரிகளில் வாத்துப் பிடித்த விதம் வெகு வேடிக்கையானது. முதலில் சில வெறும் பானைகளை நீரில் மிதக்க விடுவார்கள். வாத்துகள் இரண்டொரு நாள் மிரண்டு, பிறகு பழகிப்போகும். அப்புறம் ஒருவன் கண்ணுக்கு இரண்டு துளை போட்ட பானையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கழுத்தளவு நீரில் மெல்ல நடப்பான். மிதக்கும் பானைதானே என்று வாத்து சும்மா இருக்கும். காலைப் பிடித்து ஒரே இழுப்பு! பக்கத்து வாத்துக்குக்கூடச் சேதி தெரியாது.

பின்பனியில் பிடிபடும் வாத்தினால் நஷ்டம் அதிகம். குளிர்காலத்தைத் தாண்டிப் பிழைத்து, நீண்ட பயணத்துக்காகக் கொழுப்புச் சேர்த்து, ஊர் திரும்பி முட்டையிட வேண்டிய பறவை அது. மாசியில் ஒன்றைக் கொன்றால் ஆனியில் பொரிக்க வேண்டிய குஞ்சுகளும் கணக்கில் போய்விடுகின்றன.

இதை நம் செங்கற்பட்டுச் சீமைக் கிராமத்தார் வெகு காலத்துக்கு முன்பே உணர்ந்திருந்தார்கள். வேடந்தாங்கல் ஏரியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊரார் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798-ல் பாதுகாப்பு உத்தரவு வாங்கினார்கள். பறவை எச்சம் விழுந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்பது அவர்கள் கண்ட லாபம். இன்றும் அங்கே தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை.

நாடு முழுவதற்கும் 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991-ல் அதைத் திருத்தியபோது, லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வாத்து சுடும் வழியும் அடைபட்டது.

என்ன வேண்டும்?

8×40 பைனாகுலர் ஒன்று இருந்தால் போதும். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும்; முகப்புக் கண்ணாடி 40 மில்லிமீட்டர் என்பது அதன் பொருள். வீட்டில் ஒன்றை வைத்துக் குடும்பமே மாற்றி மாற்றிப் பார்க்கலாம். பளிச்சென்ற புடவை வேண்டாம். பேச்சையும் குறைத்துக்கொள்ளுங்கள், கஷ்டம்தான், ஒரு மணி நேரம்தானே!

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் வனத்துறையின் பொறுப்பில் இருப்பதால் உள்ளே இறங்க முடியாது. சாலையோரத்திலிருந்தும் பூங்கா நடைபாதையிலிருந்தும்தான் பார்க்க வேண்டும். தாம்பரம்–வேளச்சேரி சாலைக்குக் கிழக்கே சதுப்பு விரிந்திருப்பதால், காலையில் வெயில் கண்ணில் அடிக்கும். மாலை நாலரை மணிக்குப் போனால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருப்பான். பறவையின் நிறம் நன்றாகத் தெரியும்.

யார் யார்?

வால் ஊசிபோல் நீண்டு, கழுத்தில் வெள்ளைக் கோடு ஓடினால் அது ஊசிவால் வாத்து ஆண். அலகு கரண்டிபோல் தட்டையாக இருந்தால் தட்டைவாயன். வெள்ளைப் புருவம் தீட்டியிருப்பவர் நீலச்சிறகி மாப்பிள்ளை. இவர்கள் வடக்கேயிருந்து வந்தவர்கள். அலகு நுனியில் மஞ்சள் பூசிய புள்ளிமூக்கு வாத்து நம் ஊர்க்காரர்.

தலையில் இரண்டு கறுப்புப் பட்டைகளுடன் பட்டைத்தலை வாத்தைக் கண்டால் அதிர்ஷ்டம்தான்! மங்கோலியாவிலும் திபெத்திலும் குஞ்சு பொரித்து, இமயமலையைத் தாண்டி வருகிற பறவை. 7,000 மீட்டருக்கு மேலான உயரத்தில் பறந்ததைக் கருவி கட்டி அளந்திருக்கிறார்கள். காற்று மெலிந்த இடத்திலும் பிராணவாயுவைப் பிடித்துக்கொள்ளும் ரத்தம் அதற்கு! அதைக் கூட்டமாகப் பார்க்கத் திருநெல்வேலிச் சீமைக் கூந்தன்குளம் போக வேண்டும்.

நமக்கென்ன லாபம்?

தென் சென்னையின் பல ஏரிகள் வழிந்து வரும் நீரைப் பள்ளிக்கரணைதான் வாங்கிக்கொள்கிறது. பிறகு ஒக்கியம் மடுவு வழியாக மெல்லக் கடலை நோக்கி அனுப்புகிறது. அதைக் குப்பையாலும் கட்டடங்களாலும் குறுக்கிவிட்டோம். இடம் கிடைக்காத தண்ணீர் 2015 டிசம்பரில் எத்தனை வீடுகளின் சமையலறைக்குள் வந்தது என்று உங்களுக்கே தெரியும். 2022-ல் சுமார் 1,247 ஹெக்டேர் ராம்சார் நிலமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. பட்டியலில் பெயர் ஏறினால் போதாது. பார்த்துக்கொண்டிருக்கும் கண்களும் வேண்டும். வாத்துக்கு இடமிருக்கிற வரையில் வெள்ளத்துக்கும் இடமிருக்கும்.

ஆகவே ஒரு சின்ன வேலை. பால் கணக்கு எழுதுகிற காலண்டரிலேயே ஊசிவால் வாத்தைக் கடைசியாகக் கண்ட தேதியைக் குறித்து வையுங்கள். ஐப்பசிக்குப் பிறகு, அது முதலில் கண்ணில் பட்ட தேதியையும் எழுதுங்கள். நாலைந்து வருஷக் கணக்கு சேர்ந்தால், ஏரியின் சௌக்கியம் உங்கள் வீட்டுச் சுவரிலேயே தெரியும்!