கைதிகள் பூசிய சுண்ணாம்பு

சிங்கப்பூர்த் தமிழ் முன்னோர் என்றதும் வணிகர்களையும் தோட்டத் தொழிலாளர்களையும் சொல்கிறோம். அவர்களோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொரு கூட்டம் உண்டு: நாடு கடத்தப்பட்ட தண்டனைக் கைதிகள்.

1825இல் பென்கூலனிலிருந்து வந்த கைதிகளில் சென்னை மாகாணத்தாரும் வங்காளத்தாரும் இருந்தனர். சாலை போட்டவர்களும் சதுப்பைத் தூர்த்தவர்களும் செங்கல் சுட்டவர்களும் இவர்களே. இன்று அதிபர் மாளிகையாக இருக்கும் இஸ்தானாவின் கட்டுமானத்திலும் (1867-69) இவர்கள் உழைப்பு இருக்கிறது.

1862இல் திருநிலைப்படுத்தப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தை வடிவமைத்தவர் ரொனால்ட் மெக்பெர்சன், கட்டியவர்கள் கைதிகள். அதன் உட்சுவர்ப் பூச்சைக் கவனியுங்கள். சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை மூன்றையும் அடித்துக் கூழாக்கி, தேங்காய் மட்டை ஊறிய நீரில் குழைத்துப் பூசினார்கள். உலர்ந்தபின் கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். ஆங்கிலேயர் இதை 'மதராஸ் சுனாம்' என்றனர். சுனாம் வேறொன்றுமில்லை, நம் சுண்ணாம்புதான்.

1873இல் கைதிகள் சிறை மூடப்பட்டது. எஞ்சிய தண்டனைக்காரர்கள் அந்தமானுக்கு அனுப்பப்பட்டார்கள். விடுதலையானவர்களில் பலர் இங்கேயே தங்கிவிட்டார்கள். கட்டடத்தை வரைந்தவரின் பெயரை வரலாறு எளிதில் சொல்கிறது. பூசிய கைகளுக்கு மிஞ்சியது ஊர்ப்பெயர் மட்டும். முன்னோர் பட்டியலில் இவர்களையும் சேர்ப்போம்.