சாவி மட்டும் நம் பொறுப்பு

எட்டு ஆண்டுகள் ஓயாமல் உழைத்த என் வீட்டுக் கணினி, சென்ற மாதம் அடிக்கடி தானாகவே அணையத் தொடங்கியது. அதில் பிட்காயின் 'நோட்' ஒன்றை இயக்கி வருகிறேன். நடுவில் வங்கியோ தலைமைக் கணினியோ இல்லாமல், உலகெங்கும் உள்ள கணினிகள் நேரடியாகப் பேசிக்கொள்ளும் வலையமைப்பு அது. அதில் சேர்ந்த ஒவ்வொரு கணினியும் ஒரு நோட். 2009 ஜனவரி 3-இல் தொடங்கிய கணக்கேட்டின் முழுப் பிரதி என் கணினியிலும் இருக்கிறது. அளவு 600 ஜிபிக்கும் மேல்.

புதுக் கணினி வந்ததும் மகன் உதவிக்கு வந்தான். முதலில் மென்பொருளை மூடி, அது முழுமையாக நிற்கும்வரை காத்திருந்தோம். ஓடும்போதே நகலெடுத்தால் தரவு சிதையக்கூடும். பிறகு இரண்டு கோப்புறைகளை வெளி வன்தட்டில் ஏற்றினான். கணக்கேடு இருக்கும் 'பிளாக்ஸ்' ஒன்று; செலவாகாத காசுகளின் பட்டியலான 'செயின்ஸ்டேட்' மற்றொன்று. இரவு முழுவதும் ஓடியது.

மறுநாள் புதுக் கணினியில் நோட் எழுந்தது. இடையில் விட்டுப்போன தொகுதிகளை மற்றக் கணினிகளிடம் கேட்டு வாங்கிக்கொண்டது. பத்து நிமிடத்துக்கு ஒன்று என்ற கணக்கில், ஒரு நாளைக்குச் சுமார் 144 தொகுதிகள் சேருகின்றன.

"முடிஞ்சுதுப்பா. பழசை அழிச்சுட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துடலாமா?" என்றான்.

சரி என்று சொல்ல வாயெடுத்தவன், ஏதோ நினைவில் பணப்பையைத் திறந்து பார்த்தேன். புதுக் கணினியில் பணப்பையே இல்லை! அது 'வாலட்ஸ்' என்ற தனிக் கோப்புறையில், பழைய வன்தட்டிலேயே கிடந்தது. சிறுகச் சிறுகச் சேர்த்ததற்கான சாவி அதற்குள்தான். வேறு பிரதி எதுவும் நான் வைத்திருக்கவில்லை. தவறு என்னுடையதே.

அன்று புரிந்தது இதுதான். 600 ஜிபி கணக்கேடு தொலைந்தால், நேரம் பிடித்தாலும், முன்பின் அறியாத ஆயிரக்கணக்கானோரிடமிருந்து திரும்பக் கிடைக்கும். சில எம்பிகூட வராத சாவி தொலைந்தால் யாராலும் தர முடியாது. புகார் சொல்ல ஒரு முகப்புகூடக் கிடையாது.

இப்போது பணப்பைக்குக் கடவுச்சொல் இட்டு, இரண்டு பெண்டிரைவில் பிரதி எடுத்துவிட்டேன். ஒன்று தங்கச்சி வீட்டு அலமாரியில் இருக்கிறது. புதுக் கணினியில் இருப்புத் தொகை சரியாகத் தெரிந்த பிறகே பழைய வன்தட்டை முற்றாக அழித்தோம். பழைய கணினியும் பக்கத்து வீட்டுக்குப் போனது.

நீங்களும் கணினி மாற்றுகிறீர்களா? பெரிய கோப்புகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உங்களிடம் மட்டுமே இருப்பது எது என்று முதலில் தேடுங்கள்.