கடலோரச் சாலைகள் - 9: 114 வளைவுகளும் மூன்று சக்கரங்களும்

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனிலிருந்து அட்லாண்டிக் கரையை ஒட்டித் தெற்கே போகும் சாலையில், பழைய சைடுகார் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாகப் போவதைப் பார்க்கலாம். ஓட்டுபவரே வழிகாட்டி. அவருக்குப் பின்னால் ஒருவர், சைடுகாரில் ஒருவர். கேம்ப்ஸ் பே, ஹவுட் பே கடற்கரைகளைத் தாண்டி, சாப்மன்ஸ் பீக் சாலையில் ஏறும்போது பயணம் களைகட்டிவிடும்.

சுற்றுலாவுக்குப் பயன்படும் சாங் ஜியாங் 750 சீனாவின் தயாரிப்பு. பூர்வீகம் ஜெர்மனி. 1938-ல் வந்த பி.எம்.டபிள்யூ. ஆர் 71 வண்டியைப் பார்த்து சோவியத் யூனியன் தன் ராணுவத்துக்கு எம்-72 வண்டியைச் செய்தது. அதைப் பின்பற்றி 1950-களின் இறுதியில் சீனா தன் ராணுவத்துக்காக இதைத் தயாரித்தது. 746 சி.சி. எஞ்சின், இடமும் வலமும் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு சிலிண்டர்கள், சக்தி ஏறத்தாழ 22 குதிரைத்திறன்தான். பின்சக்கரத்துக்குச் செயின் கிடையாது, ஷாஃப்ட்.

ஓட்டுவது லேசில்லை. ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் சைடுகார் பின்னுக்கு இழுக்கும், வண்டி அந்தப் பக்கமே திரும்பப் பார்க்கும். பிரேக் பிடித்தால் சைடுகாரின் எடை முன்னால் தள்ளும், வண்டி எதிர்ப்பக்கம் ஒதுங்கும். சைடுகார் இருக்கும் பக்கமாக வேகமாக வளைத்தாலோ அதன் சக்கரம் தரையை விட்டு எழும்பிவிடும். சாய்த்து வளைத்துப் பழகிய கை இங்கே செல்லாது. ஹேண்டில்பாரைப் பிடித்துத் திருப்பித்தான் ஆக வேண்டும். பல வருடம் புல்லட் ஓட்டியவர்கூட முதல் வளைவில் திணறுவார். வழிகாட்டியே ஓட்டுவதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

ஹவுட் பேயிலிருந்து நூர்ட்ஹூக் வரை சாலை வெறும் 9 கிலோமீட்டர். அதற்குள் 114 வளைவுகள். கேப் மாகாண நிர்வாகி சர் பிரெடெரிக் டி வால் முனைப்பில் 1915-ல் தொடங்கிய வேலை 1922-ல் முடிந்தது. செங்குத்தான பாறையை வெட்டியவர்கள் பெரும்பாலும் கைதிகள். சாலையின் அழகைப் பாடுகிறவர்கள் அவர்களையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

சைடுகாரில் உட்கார்ந்தால் கண் கிட்டத்தட்ட காரின் கதவு உயரத்துக்கு இறங்கிவிடுகிறது. குறுக்கே கண்ணாடியும் இல்லை, கூரையும் இல்லை. மலையை வெட்டிய சுவர் கைக்கெட்டும் தூரத்தில் நகர்கிறது. கீழே சுமார் 54 கோடி ஆண்டு வயதுள்ள கருங்கல். அதன் தலையில், பலகைகளை அடுக்கியதுபோல் மணற்கல்லும் களிக்கல்லும். அவை பல கோடி ஆண்டுகள் பிந்தியவை. இவ்விரண்டும் சேரும் கோட்டைப் பிடித்துக்கொண்டேதான் சாலை போகிறது. கருங்கல் உறுதியான தளம், மேலடுக்கு வெட்டுவதற்கு எளிது. பொறியாளர்களுக்குக் கைகொடுத்த அந்த எளிமையே பிற்பாடு உயிரைப் பறித்தது: மேலடுக்கு மழையிலும் காற்றிலும் உதிர்கிறது. பாறை விழுந்து ஒருவர் இறந்த பிறகு 2000-ல் சாலை மூடப்பட்டது. எஃகு வலைகளும், ஒருபக்கம் கடலுக்குத் திறந்த அரைச் சுரங்கமும் அமைத்து, 2003 டிசம்பரில் சுங்கச் சாலையாகத் திறந்தார்கள். இன்றும் வானிலை மோசமானால் மூடிவிடுவார்கள். அன்று சைடுகார் வேறு வழியில்தான் போயாக வேண்டும்.

அங்கே போகிறவர்களுக்கு ஒரு யோசனை. தென்னாப்பிரிக்காவில் நம்மைப்போல் இடப்பக்கப் போக்குவரத்து. தெற்கே போகும்போது மலையோரம், வடக்கே திரும்பும்போது கடலோரம். ஒரே ஒருமுறைதான் போக முடியும் என்றால் நூர்ட்ஹூக்கிலிருந்து ஹவுட் பேக்கு வருவது நல்லது. பாறையைப் படிக்க ஆசைப்படுகிறவர்கள் மட்டும் மறுதிசையில் போகலாம்.

தீபகற்பத்தின் மறுகரையில் சைமன்ஸ் டவுன். அங்கே போல்டர்ஸ் கடற்கரைக்கு 1982-ல் இரண்டு ஜோடி ஆப்பிரிக்க பெங்குவின்கள் வந்து குடியேறின. பின்னர் அவை ஆயிரக்கணக்கில் பெருகின. ஆனால் மத்தியும் நெத்திலியும் குறைந்ததால் ஆப்பிரிக்கக் கரையெங்கும் இந்த இனம் சரிந்து, 2024-ல் மிக மோசமான அழிவு அபாயத்தில் உள்ள பறவைகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அந்தக் கரையைப் பற்றி அடுத்த வாரம் பார்க்கலாம்.