ஹாட்டிஸ்க் ‘ஃபோர்மட்’ கேட்டால் உடனே ‘ஆம்’ சொல்லாதீர்கள்

வன்னியில் 1996இலும் 2008, 2009இலும் இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல, படங்களையும் சான்றிதழ்களையும் வழிநெடுக இழந்தன. மிஞ்சியவற்றை ஸ்கேன் செய்து ஹாட்டிஸ்கில் வைத்திருப்பவர்களுக்கு அந்த டிஸ்க்தான் குடும்ப ஆவணம். அதைச் செருகியதும் விண்டோஸ் “ஃபோர்மட் செய்யவா?” அல்லது “இனிஷியலைஸ் செய்யவா?” என்று கேட்டால் பதறவேண்டாம். கோப்புகள் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும்.

டிஸ்க் எப்படிப் பார்டிசன்களாக, அதாவது பகுதிகளாக, பிரிக்கப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்வது ஒரு சிறு அட்டவணை. பழைய எம்பிஆர் முறையில் அது முதல் செக்டரின் 512 பைட்டுக்குள் அடக்கம்: 446 பைட் தொடக்க நிரலுக்கு, 64 பைட் நான்கு பார்டிசன் பதிவுகளுக்கு, கடைசி 2 பைட் அடையாளக் குறிக்கு. இரணைமடுக் குளத்து நீர் பாயும் உருத்திரபுரத்தில் காணி பெமிற் தொலைந்தால் வயல் தொலைவதில்லை. எல்லையைச் சொல்லும் தாள்தான் போகிறது. டிஸ்க்கில் அட்டவணை போனாலும் அப்படித்தான். புதிய ஜிபிடி முறை இந்த அட்டவணையின் பிரதியொன்றை டிஸ்க்கின் கடைசியிலும் வைத்திருக்கிறது.

டிஸ்க்கின் நிலையைப் பார்ப்பதற்கு லினக்ஸ் டெர்மினலே போதும். எல், எஸ், பி, எல், கே (lsblk) என்ற ஐந்து சின்ன எழுத்துகளைச் சேர்த்துத் தட்டினால் டிஸ்க்குகளும் பார்டிசன்களும் கிளைவிட்டுத் தெரியும். இடைவெளி விட்டு ‘-எஃப்’ சேர்த்தால் கோப்பு முறையும் தெரியும். அங்கே லினக்ஸின் கோப்பு முறையான ‘எக்ஸ்ட்4’ என்றிருந்தால் டிஸ்க் பழுதாகியிருக்கத் தேவையில்லை. விண்டோஸுக்கு அதை வாசிக்கத் தெரியாது, அவ்வளவுதான்.

‘சூடோ எஃப்டிஸ்க் -எல்’ இன்னும் விரிவாகக் காட்டும். 1 டெராபைட் டிஸ்க்கில் வழக்கமாக 1953525168 செக்டர்கள் இருக்கும். விண்டோஸ் அதையே 931 ஜிபி என்கிறது. குறைந்தது இடமல்ல, கணக்கிடும் அலகுதான் வேறு. முதல் பார்டிசன் பெரும்பாலும் 2048ஆம் செக்டரில் தொடங்கும். இந்தக் கட்டளைகள் டிஸ்க்கில் எதையும் எழுதுவதில்லை. ‘-எல்’ இல்லாமல் எஃப்டிஸ்க்கைத் திறந்தால் மட்டும் கவனம்: அது திருத்தும் இடம், ‘டபிள்யூ’ அழுத்தினால் மாற்றம் பதிவாகிவிடும்.

பட்டியலில் டிஸ்க் வந்து பார்டிசன் வராவிட்டால், முதலில் டிடிரெஸ்கியூ என்ற கருவி மூலம் முழுப் பிரதி எடுங்கள். பிறகு அந்தப் பிரதியில் டெஸ்ட்டிஸ்க் என்ற கருவியை ஓட்டிப் பார்டிசன் எல்லைகளைத் தேடலாம். டிஸ்க்கே வராவிட்டால், அல்லது டக் டக்கென்று சத்தம் கேட்டால், மின்சாரத்தை நிறுத்தித் தெரிந்தவரிடம் கொடுங்கள். நலமாக இருக்கும் டிஸ்க்குக்கு இன்றே இரண்டாவது பிரதி எடுத்து வேறொரு வீட்டில் வையுங்கள்.