காவிரிக்கே உரிய கூன்முதுகு மகசீர்

பெங்களூரில் நம் வீட்டுக் குழாய்களில் வருவது காவிரித் தண்ணீர். இத்தனை டி.எம்.சி., அத்தனை டி.எம்.சி. என்ற கணக்கு நம்ம பிள்ளைகளுக்குக் கூட அத்துப்படி. ஆனால் அந்த ஆற்றுக்கே உரிய மீன் எது என்று கேட்டால், பெரியவர்களே முழிப்போம். காவிரியிலும் அதன் துணையாறுகளிலும் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு மீனைப் பற்றி இம்மலரில் எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அதுதான் கூன்முதுகு மகசீர். கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. தலைக்குப் பின்னால் முதுகு திமில்போல் எழும்பியிருக்கும், துடுப்புகள் செம்மஞ்சள் நிறம், செதில்கள் பெரியவை. 1946-இல் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் என்பவர் கபினியில் தூண்டில் போட்டுப் பிடித்த மீனின் எடை 120 பவுண்டு. அதாவது சுமார் 54 கிலோ!

இவ்வளவு பெரிய மீனுக்குத் தாடையில் பல்லே கிடையாது. பற்கள் தொண்டைக்குள் இருக்கின்றன. நத்தை, நண்டு எல்லாவற்றையும் அங்கேதான் நொறுக்கும். கரையோர மரங்களிலிருந்து விழும் பழங்களையும் தின்னும். ஆகவே கரை மரத்தை வெட்டினாலும் நஷ்டம் மீனுக்குத்தான்.

கோடையில் ஆழமான மடுக்களில் தங்கும். மழைக்காலத்தில் மகசீர்கள் நீரோட்டத்தை எதிர்த்து மேலேறிப் போய், கூழாங்கல் படுகைகளில் முட்டையிடும். கல்லிடுக்கில் கிடக்கும் முட்டைகளுக்குத் தெளிந்த, ஆக்சிஜன் நிறைந்த ஓடும் நீர் வேண்டும். சேறு படிந்தால் போச்சு. ஆக, மடு, ஓட்டம், கூழாங்கல், தடையில்லாத வழி ஆகிய நான்கும் சேர்ந்து இருந்தால்தான் இதன் வம்சம் தழைக்கும். அணைகள் வழியை மறித்தன. மணல் அள்ளுதல் படுகையைக் கெடுத்தது. வெடி வைத்துப் பிடிப்பவர்கள் மடுவையே காலி செய்தார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நல்லெண்ணமும் கெடுதல் செய்தது. 1970-களில் மகாராஷ்டிரத்தின் லோனாவ்லாவில் மகசீர்க் குஞ்சுகளைச் செயற்கையாகப் பொரிக்கத் தொடங்கினார்கள். அக்குஞ்சுகள் காவிரியிலும் விடப்பட்டன. ஆனால் அவை நீலத்துடுப்பு மகசீர் என்னும் வேற்றினம். தூண்டில்காரர்கள் பிடித்துத் திரும்ப விட்ட மீன்களைப் பற்றி 1998 முதல் 2012 வரை காவிரிக் கரையில் எழுதி வைத்த குறிப்புகளை ஆய்வாளர்கள் பின்னர் அலசினார்கள். நீலத்துடுப்பு பெருகியிருந்தது, கூன்முதுகு குறைந்துகொண்டே போயிருந்தது. கிடைத்த ஒன்றிரண்டும் பெரிய மீன்கள். கிழவர்கள் மட்டும் இருக்கும் ஊரில் தொட்டில் ஆடாது அல்லவா? அதே நிலைமைதான். மொத்தத்தில் மகசீர் பெருகுகிறதே என்று பார்த்தவர்களுக்கு, மண்ணின் மீன் மறைவது கண்ணில் படவில்லை.

காரணம், அதற்குச் சரியான அறிவியல் பெயரே அதுவரை நிலைபெறவில்லை. பெயர் உறுதிப்படாத உயிரினத்துக்குப் பாதுகாப்பு கேட்பது எப்படி? 2010-இல் அமராவதியின் கிளையான பாம்பாற்றில், கேரளப் பகுதியில், ஒரு மகசீர் இனம் விவரிக்கப்பட்டது. இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் மீனியல் அறிஞர் ரெமாதேவியைக் கௌரவிக்கும் வகையில் அதற்கு டோர் ரெமாதேவி என்று பெயரிட்டார்கள். முதுமலையை ஒட்டி ஓடும் மோயாற்றில் கிடைத்த மீன்களின் மரபணுவையும் உடலமைப்பையும் ஒப்பிட்டு, கூன்முதுகு மகசீரும் அதுவும் ஒன்றே என்று 2018-இல் உறுதி செய்தார்கள். அதே ஆண்டில் உலகச் சிவப்புப் பட்டியலில் அது 'மிக அருகிய இனம்' என்று இடம்பெற்றது.

இதிலிருந்து நான் புரிந்துகொண்டது இதுதான்: மீனை விட்டு ஆற்றைக் காப்பாற்ற முடியாது; ஆற்றைக் காத்தால் மீன் தானே பிழைக்கும். விடுமுறையில் பீமேஸ்வரிக்கோ ஒகேனக்கலுக்கோ போகும் நம்மவர்கள், வளர்ப்பு மீன்களைப் புண்ணியம் என்று ஆற்றில் விட வேண்டாம். பிளாஸ்டிக் குப்பையையும் கரையில் விட்டு வரவேண்டாம். பிள்ளைகளுக்கு இந்த மீனின் பெயரைச் சொல்லுங்கள். காவிரியைப் பங்கு போட்டுக்கொள்ளும் எல்லா மாநிலத்தாருக்கும் இது சொந்தம். ஆற்றில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.