பெருங்குடலை எடுத்த பின்னும் நீளும் காவல்

பரம்பரைப் பாலிப் நோய் என்பது, ஐந்தாம் குரோமோசோமிலுள்ள ஏபிசி என்னும் மரபணுவில் நேர்ந்த பழுதால், பெருங்குடலின் உட்சுவரில் பாலிப் எனப்படும் சதை முளைகள் நூற்றுக்கணக்கில் தோன்றும் நிலையாகும். அந்த மரபணு 1991இல் கண்டறியப்பட்டது. பெற்றோரில் ஒருவரிடம் இப்பழுது இருந்தாலே பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வருவதற்குச் சரிபாதி வாய்ப்புண்டு. கவனியாது விட்டால் நாற்பது வயதையொட்டிப் பெருங்குடல் புற்றில் முடிவது ஏறக்குறைய உறுதி என்பதால், இளமையிலேயே அக்குடலை அகற்றிவிடுகின்றனர்.

அத்தோடு நோய் தீர்ந்தது என்று குடும்பத்தார் கருதுவது இயல்பே. ஆனால் அதன் பிறகே, இரைப்பையை அடுத்துள்ள முன்சிறுகுடலில், குறிப்பாகப் பித்தநீரும் கணையநீரும் வந்து இறங்கும் வாயைச் சுற்றி எழும் முளைகள் கவலைக்குரியனவாகின்றன. இலண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ஸ்பிகல்மன் 1989இல் இவற்றின் எண்ணிக்கை, பருமன், திசுவகை, உயிரணுத் திரிபின் அளவு ஆகியவற்றுக்கு மதிப்பெண் இட்டு நிலைகளாகப் பிரித்தார். இந்நோயுள்ள 114 பேரைப் பத்தாண்டுகள் கண்காணித்து, 2002இல் வெளியிடப்பட்ட ஆய்வில், மிக முற்றிய நான்காம் நிலையிலிருந்த 11 பேரில் 4 பேருக்குப் புற்று வந்தது. சிறிய எண்ணிக்கைதான், எனினும் அலட்சியம் செய்யத்தக்கதன்று.

வாய்வழியே எண்டோஸ்கோப்பிக் குழாயைச் செலுத்தி, முளைக்கு அடியில் உப்புநீரை ஊசியால் ஏற்றி அதை மேலெழுப்பி, கம்பிச் சுருக்கால் இறுக்கி அறுத்தெடுப்பதே வயிற்றைக் கிழிக்காமல் செய்யும் சிகிச்சை. முன்சிறுகுடலின் சுவர் மெல்லியது, இரத்த ஓட்டம் மிக்கது. ஆகவே இரத்தக் கசிவும் துளை விழுதலும் அஞ்சத்தக்கவை. பித்தவாயிலுள்ள முளையை நீக்கும்போது கணைய அழற்சி நேராதிருக்கக் கணையநாளத்தில் சிறு குழாய் பொருத்துவர். முளைகள் மீண்டும் தோன்றும் என்பதால் இது ஒருமுறையோடு முடியும் வேலையன்று. ஆயினும் கணையத்தின் ஒரு பகுதியோடு முன்சிறுகுடலையே அகற்றும் பெரிய அறுவையைப் பல ஆண்டுகள் தள்ளிப்போட அது உதவுகிறது.

மலேசியாவின் நிபோங் திபால் வட்டாரம் போன்று தோட்டங்களை விட்டு உறவினர் பல ஊர்களுக்குச் சிதறிய இடங்களில், ஒரு தாத்தாவின் குடல் புற்றையும் வேறூரிலுள்ள பேரனின் இரத்தப்போக்கையும் இணைத்துப் பார்ப்போர் அரியர். இத்தகைய தொடர்பைக் காண உதவும், பரம்பரையை எழுதிவைக்கும் பதிவேட்டை செயின்ட் மார்க்ஸ் 1924லேயே தொடங்கியது. குடும்பத்தில் ஒருவரிடம் பழுது இன்னதென்று கண்டுவிட்டால், இரத்தச் சோதனையில் அப்பழுது இல்லையெனத் தெரியவரும் உறவினருக்கு இந்நோய்க்கான ஆயுட்காலக் குழாய்ச் சோதனைகள் தேவைப்படா.